மாங்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும்

ஐயா, வணக்கம்.

தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் பெர்ரி என்றும், ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை என்றும் மகளின் பாடநூலில் படித்தேன். எல்லோரும் அழைக்கும் பெயரைத் தாவரவியல் ஏன் இப்படிப் புரட்டிப்போட வேண்டும்? பேரீச்சையும் பெர்ரியாம். மாம்பழத்தைப் போல அதற்கும் ஒற்றைக் கொட்டைதானே? வாழைப்பழத்தில் விதையே இல்லையே?

மீனா

அன்புள்ள மீனா,

பேரீச்சை பற்றிய கேள்வி அருமையானது. ‘கொட்டை’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருள்களுக்கு வைத்திருக்கிறோம். மாங்கொட்டையின் கெட்டியான ஓடு கனித்தோலின், அதாவது விதையைச் சூழ்ந்த தோல், சதை எல்லாம் சேர்ந்த கனிச்சுவரின், உள்ளடுக்கு. அதை உடைத்தால் வரும் பருப்புதான் விதை. பேரீச்சையில் அந்த ஓடே கிடையாது. கொட்டை முழுவதும் விதை. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைப் பார்த்திருப்பீர்கள், உள்ளடுக்கு அவ்வளவுதான்.

ஒரே சூற்பை (பூவில் விதைகள் உருவாகும் பை) பழுத்து, கனித்தோல் எங்கும் ஓடாக இறுகாமல் சதைப்பற்றோடு இருந்தால் அது பெர்ரி. விதை ஒன்றா நூறா, பழம் இனிப்பா காரமா என்பதெல்லாம் கணக்கில் வராது, மிளகாயும் பெர்ரிதான். உள்ளடுக்கு ஓடாக இறுகினால் ட்ரூப். ஆகவே மா ட்ரூப், பேரீச்சை பெர்ரி.

பேச்சுவழக்கு பழத்தின் உருவத்தைப் பார்த்துப் பெயரிடுகிறது. தாவரவியல், பூவின் எந்தப் பாகம் இப்படி ஆனது என்று கேட்கிறது. ஸ்ட்ராபெர்ரியின் சிவந்த சதை, பூவைத் தாங்கிய பூத்தளம் உப்பியது. மேலே விதைபோல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு முழுக் கனி, விதை அதற்குள் இருக்கிறது! இதை முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. ராஸ்பெர்ரி, ஒரே பூவின் பல சூற்பைகள் குட்டி ட்ரூப்களாகிச் சேர்ந்த திரள்கனி. மல்பெரியோ பல பூக்கள் கூடி உண்டான கூட்டுக்கனி.

எல்லைக்கோடுகளில் கருத்து வேறுபாடும் உண்டு. ஆரஞ்சுக்கு ஹெஸ்பெரிடியம், வெள்ளரிக்குப் பெப்போ என்று தனிப்பெயர்கள் இருக்கின்றன. இவற்றைப் பெர்ரியின் உட்பிரிவுகளாகக் கொள்வோரும் உண்டு, தனி வகைகளாகப் பிரிப்போரும் உண்டு. உட்பிரிவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உள்ளே ஓடு இல்லாத ஒற்றைச் சூற்பைதானே இரண்டும்?

வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கி மகளிடம் காட்டுங்கள். நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் அதே இடத்தில் பல்லுக்கு மசியாத கரிய விதைகள் நிறைந்திருக்கும்.