காட்டுப் பழங்களில் புழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலந்தை வரத்துத் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புழுவைப் பற்றியவையே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டேன்.

இலந்தைப் பழத்தை மூன்று முறை கழுவியும் உள்ளே புழு இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? (வாசகி, கோவில்பட்டி)

கழுவினால் தூசியும் மண்ணும் போகும்; புழு போகாது. அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அன்று. காய் பட்டாணி அளவில் இருக்கும்போதே இலந்தைப் பழ ஈ அதன் தோலுக்கு அடியில் முட்டையிட்டுவிடுகிறது. சில நாட்களில் பொரித்து வரும் புழு சதையைத் தின்றுகொண்டே கொட்டையை நோக்கிப் போகிறது. வளர்ந்து முடிந்ததும் பழத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, மண்ணில் விழுந்து, நான்கைந்து விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே வட்டமான ஓட்டை உள்ள பழத்திலிருந்து புழு பெரும்பாலும் போய்விட்டது, அதன் கழிவு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஓட்டை இல்லாமல், ஒரு பக்கம் அமுங்கி, ஊசிமுனை அளவுக் கறுப்புப் புள்ளியோடு கோணலாக வளர்ந்த பழத்தில்தான் புழு இன்னும் இருக்கிறது. ஓட்டை இல்லை என்ற தைரியத்தில் அதையே பொறுக்கி எடுப்பவர்கள் அதிகம். பிட்டுப் பாருங்கள், வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு வாயில் போடுங்கள்.

குழந்தை காட்டுப் பழத்தைப் புழுவோடு தின்றுவிட்டாள். பூச்சி மாத்திரை கொடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

எந்தப் பழம், குழந்தைக்கு என்ன வயது, எத்தனை பழம் தின்றாள் என்று ஒன்றையுமே எழுதாமல் ‘காட்டுப் பழம்’ என்று மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது? பழத்தில் இருக்கும் புழு வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். அங்கே வாழாது, பெருகாது. குடற்புழு என்பது வேறு. அதன் முட்டை மலம் கலந்த மண்ணிலிருந்து, கழுவாத கை வழியாகவும் தரையில் கிடந்த பழம் வழியாகவும் வருகிறது. எனவே பழப் புழுவுக்காக மாத்திரை தேவையில்லை. நீங்கள் அஞ்ச வேண்டியது புழுவைப் பற்றி அன்று, பெயர் தெரியாத பழத்தைப் பற்றித்தான். உண்ணிச்செடியின் பச்சைக் காய்களைத் தின்ற பிள்ளைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வரலாம். அப்படி ஏதேனும் கண்டால், அந்தச் செடியின் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெயர் தெரியாத பழம் வேண்டவே வேண்டாம்.

மலையில் பறித்த மஞ்சள் ராஸ்பெர்ரியை உப்பு நீரில் ஊற வைத்தால் புழு வெளியே வந்துவிடும் என்கிறார்களே? (வாசகி, கோத்தகிரி)

வரும், ஆனால் எல்லாம் வராது. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். பிறகு நல்ல நீரில் அலசுங்கள். சதை மெல்லியதாக இருக்கும் பழத்துக்கே இது பொருந்தும். கொட்டையை ஒட்டிப் புழு உட்கார்ந்திருக்கும் இலந்தைக்கும் நாவலுக்கும் பயன்படாது. உண்ணப்போகும் நேரத்தில் மட்டும் ஊற வையுங்கள். ஊறிய பழம் மறுநாள் வரை தாங்காது. தேயிலைத் தோட்டத்து வேலியோரம் பறித்த பழமாக இருந்தால், அங்கே தெளித்த மருந்தை உப்பு நீர் எடுத்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒஸ்லோவுக்கு வெளியே காட்டில் பிள்ளைகளோடு ராஸ்பெர்ரி பறித்தோம். மஞ்சள் கலந்த பழுப்புப் புழுக்கள் இருந்தன. இதுவும் பழ ஈயா? (வாசகி, நார்வே)

நிறத்தையும் இடத்தையும் தெளிவாக எழுதியதற்கு நன்றி. அது ஈயின் புழு அன்று, ராஸ்பெர்ரி வண்டின் புழு. உற்றுப் பார்த்தால் முன்பக்கம் மூன்று இணைக் கால்களும் பழுப்புத் தலையும் தெரியும். ஈயின் புழுவுக்குக் காலும் கிடையாது, தலையும் தனியாகத் தெரியாது. செடி பூக்கும்போது வண்டு முட்டையிடுகிறது. புழு பழத்தின் அடிப்பகுதியிலும், பறிக்கும்போது காம்போடு நின்றுவிடும் வெள்ளைத் தண்டிலும் தின்று வளர்கிறது. எனவே பறித்த கையோடு பழத்தின் உள்குழியை ஒருமுறை பாருங்கள். அந்த வெள்ளைத் தண்டில் பழுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்தப் பழத்தைத் தனியே வையுங்கள். அதே காட்டில் கிடைக்கும் நீலப் பழங்களில் இந்தத் தொல்லை அரிது.

நிலத்தோரம் தானாக முளைத்த மூன்று இலந்தை மரங்கள் உள்ளன. பழம் முழுதும் புழு. கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்? (வாசகர், விருதுநகர்)

மருந்தின் பெயரைக்கூட எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அளவு சொல்லியிருக்க மாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் இதே பதிலைத்தான் சொல்கிறேன்.

புழு பழத்துக்குள் இருக்கிறது. மேலே படியும் மருந்து அதைத் தொடாது. சதைக்குள் ஊடுருவிப் புழுவைக் கொல்லும் மருந்தென்றால், அந்தச் சதையைத்தான் நாமும் தின்கிறோம். தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. காட்டு இலந்தையிலோ ஒரே கிளையில் பிஞ்சும் செங்காயும் பழமும் சேர்ந்தே நிற்கும், எனவே அந்தக் காலத்தைக் கடைப்பிடிக்க வழியே இல்லை. நீங்கள் காத்திருந்தாலும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் காத்திருப்பார்களா? கீழே உதிர்ந்ததைத் தின்னும் ஆடும், மேலே கொத்தும் குயிலும் காத்திருக்குமா? வேலியோர மரத்துக்கு உரியவர் ஒருவராக இருக்கலாம், அதன் பழத்தைத் தின்பவர்களுக்குக் கணக்கில்லை. அந்த மரத்தில் மருந்து தெளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

செய்ய வேண்டியதெல்லாம் மரத்தடியில் இருக்கிறது. என் வீட்டுக் கொல்லை மரத்தின் கீழ் ஒரு முறம் மண்ணை அள்ளிச் சலித்தபோது, நெல்மணியைவிடச் சிறிய, வெளிர்பழுப்புக் கூடுகள் இருபதுக்கு மேல் சல்லடையில் தங்கின. ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணோடு போட்டுத் துணியால் மூடி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, இறக்கையில் பட்டை போட்ட சிறு ஈ ஒன்று துணியின் அடியில் உட்கார்ந்திருந்தது. அடுத்த பழத்தில் முட்டையிடப்போவது அதுதான். ஆகவே உதிர்ந்த பழத்தை நாள்தோறும் காலையில் கூட்டி எடுங்கள். குப்பைக்குழியில் கொட்டாதீர்கள், அங்கேயும் அது ஈயாகும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். அல்லது கெட்டியான பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் கடும் வெயிலில் போடுங்கள். பருவம் முடிந்ததும் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டு வேப்பம் புண்ணாக்குத் தூவுங்கள், கோழிகளை மேயவிடுங்கள். கிளறிப் பொறுக்கித் தின்னும். மருந்து தெளிக்காத மரமாக இருந்தால், உதிர்ந்த பழத்தில் பாதியை ஆடுகளே தீர்த்துவிடும். இரண்டு பருவம் விடாமல் செய்த பிறகு என் மரத்தில் நல்ல பழம் கூடுதலாகவே கிடைக்கிறது. புழு அடியோடு ஒழியவில்லை. ஒழிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மாமரத்துக்கு வாங்கிய மெத்தில் யூஜினால் பொறியை இலந்தையில் கட்டலாமா? (வாசகர், தேனி)

பயனில்லை. மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கும் அந்த மணத்துக்கு இலந்தை ஈ வருவதில்லை.

இலந்தை வடைக்குப் பழத்தைக் கொட்டையோடு இடிக்கிறோம். புழு சேர்ந்துவிடாதா? (வாசகி, சிவகாசி)

பாராமல் இடித்தால் சேரத்தான் செய்யும். தின்பதால் நோய் வராது என்றாலும், புழுத்த பழத்தின் கசப்பு வெல்லத்தையும் மிளகாயையும் மீறித் தெரியும். கழுவி, ஈரம் உலர்த்தி, ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பிளந்து பார்த்துவிட்டு உரலில் போடுங்கள். படி கணக்கில் இடிப்பவர்களுக்கு இது ஒரு முற்பகல் வேலை. சுருக்க வழி எதுவும் இல்லை.

நாவற்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் புழு செத்துவிடுமா? (வாசகர், சென்னை)

ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைத்தால் புழு சோர்ந்து கிடக்கும். ஃபிரீசரில் ஓரிரவு உறைந்தால் சாகும். ஆனால் செத்த புழு பழத்திலேயே இருக்கும், பழமும் குழைந்துவிடும். ஜூஸ் போடுவதானால் கொட்டையை நீக்கி, சதையை வெளிச்சத்தில் பார்த்த பிறகே மிக்ஸியில் போடுங்கள்.