லீவு போட்டால் பயம் போகுமா? பதின்வயதுப் பதற்றம்: கேள்வி பதில்

ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஃபிலிப் கெண்டல், பிள்ளைகளின் பதற்றக் கோளாறுக்கான சிகிச்சை பற்றிச் செய்த ஆய்வுகளைப் போன வாரம் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

சுமதி: பரீட்சை என்றால் எல்லாப் பிள்ளைகளும்தான் பயப்படுகிறார்கள். கோளாறு என்று எப்போது சொல்வது?

பயம் எவ்வளவு என்பதைவிட, அது எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் வயிறு கலக்குவது சகஜம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, பள்ளியையும் நண்பர்களையும் தவிர்த்தால் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

ரஃபீக்: கெண்டல் அப்படி என்ன செய்தார் சார்?

1994-இல் வெளியான ஆய்வில் பதற்றக் கோளாறுள்ள, 9 முதல் 13 வயது வரையிலான 47 பேர். ஒரு குழுவுக்கு உடனே சிகிச்சை, மற்றதற்குக் காத்திருப்பு. முதல் பாதியில், பயம் வரும்போது உடம்பு என்ன செய்கிறது, மனம் என்ன கற்பனை செய்கிறது என்று கவனிக்கப் பழக்குவார்கள். அடுத்த பாதிதான் விஷயமே. பயப்படுகிற காரியத்தைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பெண் என்றால், முதலில் கடையில் விலை கேட்பாள். அப்புறம் முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்பாள். அப்புறம் நாலு பேர் முன்னால் ஒரு பத்தி வாசிப்பாள், அதிலும் வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாக! ஒவ்வொரு படியிலும் தன் பயத்துக்குத் தானே மார்க் போடுவாள். சிகிச்சை பெற்ற குழு தெளிவாகத் தேறியது. பதின்வயதினருக்கென்று தனி வடிவமும் பிறகு வந்தது.

ஓர் அப்பா: மாத்திரை இல்லாமல் முடியாதா?

பலருக்கு முடியும். கெண்டலும் பங்கேற்ற 2008 ஆய்வில் 7 முதல் 17 வயது வரை 488 பேர். 12 வாரத்தில் நன்கு தேறியவர்கள், இந்தச் சிகிச்சையில் மட்டும் 59.7%, செர்ட்ரலின் மாத்திரையில் மட்டும் 54.9%, இரண்டும் சேர்ந்தால் 80.7%. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 23.7%. எது வேண்டும் என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெயர் வேண்டாம்: காலையில் வயிற்றுவலி என்கிறாள். லீவு என்றதும் பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாளா?

இல்லை அம்மா, வலி நிஜம். உடம்பில் வேறு கோளாறு இல்லையென்று மருத்துவரிடமும், பள்ளியில் கேலி, மிரட்டல் இல்லையென்று அவளிடமும் முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம் லீவைக் குறையுங்கள். தப்பித்த நிம்மதிதான் அடுத்த நாள் பயத்துக்குத் தீனி. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவில் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி, பயத்துக்கு இடம்கொடுக்காமல் பிள்ளைக்குத் துணை நிற்க. பிள்ளைகளுக்கு நேரடி சிகிச்சை கிடையாது. ஆனாலும் நேரடி சிகிச்சைக்கு இணையான பலன்! “கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உன்னால தாங்க முடியும்” என்று சொல்லுங்கள். முதலில் இரண்டு பீரியட் உட்காரட்டும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கார்த்திக்: போனைப் பிடுங்கினால் சரியாகிவிடாதா?

1994-இல் அந்த 47 பேர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லையே! ராத்திரி போனை வெளியே வைக்கச் சொல்லுங்கள், தூக்கத்துக்கு நல்லது. பதற்றக் கோளாறுக்கு அது மட்டும் வைத்தியம் ஆகாது.