மூன்று கருவி, மூன்று கணக்கு: உடல் கொழுப்பில் எதை நம்புவது?

கேள்வி: வயது 42. செங்கோட்டை பக்கம் புளியரையில் குடியிருக்கிறேன். சரக்கு வண்டி ஓட்டுகிறேன். ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குத் தினமும் போக்குவரத்து. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. வீட்டு எடை மெஷின் உடல் கொழுப்பு 25 சதவீதம் என்கிறது. புனலூர் ஜிம்மில் தோலை இடுக்கிப் பார்த்து 21 என்றார்கள். திருவனந்தபுரத்தில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் 29. எது சரி டாக்டர்? பார்க்க ஒல்லியாகத்தான் இருக்கிறேன்.

பதில்: மூன்றில் டெக்ஸா சொன்னதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருக்கும் உடம்பில் கொழுப்பைத் தனியே பிரித்து எடைபோட வழியில்லை. எல்லா முறையும் வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்வதுதான். எண்கள் முட்டிக்கொள்வது அதனால்தான்.

உங்கள் வீட்டு மெஷின் பாதம் வழியாக, நமக்குத் தெரியாத அளவு சிறு மின்சாரத்தை விடுகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையோடு வயது, உயரம், எடையைச் சேர்த்து விடை சொல்கிறது. ஆனால் காலால் மட்டும் தொடும் மெஷினில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். தொப்பையை அது தொடுவதே அபூர்வம். தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டிவிட்டு வந்து ஏறினால் கொழுப்பு கூடிவிட்டதாகக் காட்டும். நெடுநேரம் உட்கார்ந்து காலில் நீர் இறங்கியிருந்தால் குறைத்துக் காட்டும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், வாரம் ஒருநாள் ஏறுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மெஷினில் ஏறவே கூடாது.

தோலை இடுக்கும் காலிபர் கைதேர்ந்தவரிடம் நல்ல கருவி. ஆள் மாறினால் எண் மாறும். தோல் மடிப்பின் தடிமனைக் கொழுப்புச் சதவீதமாக மாற்றப் பரவலாகப் புழங்கும் டர்னின்-வாமர்ஸ்லி சூத்திரம் 1974இல் ஸ்காட்லாந்தில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. நமக்கோ வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதிகம். அதை எந்தக் காலிபராலும் இடுக்க முடியாது. உங்களுக்கு 21 என்று குறைத்துக் காட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

டெக்ஸா இரண்டு வித ஆற்றலுள்ள எக்ஸ்ரேயால் எலும்பு, கொழுப்பு, மற்ற சதை மூன்றையும் பிரிக்கிறது. கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் வரும். மறுபடி எடுப்பதானால் அதே சென்டருக்கே போங்கள். ஆறு மாதத்துக்குள் எடுப்பது வீண்செலவு.

ஒல்லி என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23.4. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் உடம்பையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதே எடைக்கணக்கில் நம் உடம்பில் கொழுப்பு எவ்வளவு கூட என்று பாருங்கள்!

நீங்கள் எழுதாமல் விட்ட அளவு ஒன்று இருக்கிறது: இடுப்புச் சுற்றளவு. தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். பேன்ட் சைஸைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 90ஐத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை), ரத்த அழுத்தம் நான்கையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். தாண்டாவிட்டாலும், 29 சதவீதம் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற உங்களுக்கு வருடம் ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை அவசியம். முடிவுகள் வந்ததும் இடுப்பு அளவோடு சேர்த்து எழுதுங்கள்.