கூரைத் தண்ணீரும் கழிப்பறைக் குழாயும்

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. நான்கு பேர் இருக்கிறோம். பின்பக்கம் நீட்டிக் கட்டும் சமையலறைக்கு 40 சதுர மீட்டர் கூரை வரும். அந்த மழைநீரைக் கழிப்பறைகளுக்கும் செடிகளுக்கும் பயன்படுத்த எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வைக்கலாம் என்கிறார் குத்தகையாளர்.
– வாசகி

பதில்: மேல்தளம் வேண்டாம். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றவே கூடாது. பின்பக்கம் தரையில் காங்கிரீட் மேடை போட்டு வையுங்கள். தரைத் தொட்டியிலிருந்து மாடிக்குத் தானாகத் தண்ணீர் ஏறாது. சிறு பம்ப் ஒன்று தேவை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு, சிதறுவதும் ஆவியாவதும் போக, உங்கள் கூரை சுமார் 320 லிட்டர் தரும். முழுப் பொத்தானுக்கு 6, அரைப் பொத்தானுக்கு 3 லிட்டர் விடும் கழிப்பறைத் தொட்டியில் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் போதும். செடிகளுக்கு 40 லிட்டர் சேர்த்தால் 120. ஆக 1,000 லிட்டர் தொட்டி மழையில்லாமல் எட்டு நாள் தாங்கும்.

தொட்டியைவிட அதற்கு முன்னும் பின்னும் வரும் குழாய்களில்தான் தப்பு நடக்கிறது. ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் தண்ணீர், கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும். அதில் 25 லிட்டரை ஒதுக்க, தொட்டிக்கு முன்னால் 6 அங்குல பிவிசி குழாயை 1.4 மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி, அடிமூடியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். மழை விட்டதும் அது சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். துளையைச் சருகு அடைத்தால் குழாய் பழைய தண்ணீரோடு நிரம்பியே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். அப்போது குழாய்நீரால் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் இரண்டு குழாய்களையும் நேராக இணைக்காதீர்கள், இடையில் ஒருவழி வால்வு இருந்தாலும் சரி. தெருக்குழாயில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் வால்வு பழுதாகியிருந்தால், கூரைத் தண்ணீர் குடிநீருக்குள் உறிஞ்சப்படும். குழாய்நீர், தொட்டி நிரம்பிவழியும் மட்டத்துக்கு மேலிருந்து, குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டு விழ வேண்டும். குழாய்நீரைத் திறந்து மூடும் மிதவையை அடியில் 200 லிட்டர் மட்டத்தில் வையுங்கள். பலர் உச்சியில் வைத்துவிடுகிறார்கள். தொட்டி எப்போதும் குழாய்நீரால் நிறைந்திருக்க, மழைநீர் முழுதும் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகிறது. மூடா ஆற்றைப் பெரிதும் நம்பி வாழும் மாநிலத்தில் இது வேதனை.

நீர் நுழையும் வாயில், நிரம்பிவழியும் வாயில் இரண்டிலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் துளையில்லாத வலை கட்டுங்கள். ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். இந்தக் குழாய்களுக்கு வேறு நிறம் பூசி, ‘குடிநீர் அல்ல’ என்று மலாயிலும் எழுதுங்கள்.

கேள்வி: புதுக் காங்கிரீட் தளத்தின்மேல் நாள் முழுக்க ரப்பர் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். தேவைதானா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஈரம் தேவை, ஓட்டம் தேவையில்லை. தளம் தடம் பதியாத அளவுக்கு இறுகியதும் நனைத்த சாக்குகளைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களில் மணல் வையுங்கள். காலையும் மாலையும் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, காய்ந்த இடத்தை மட்டும் நனைத்தால் போதும். ஏழு நாள் இப்படியே இருக்கட்டும். நடுவில் காயவிட்டு மறுபடி நனைத்தால் மேற்பரப்பில் வெடிப்பு விழும். தூண்களுக்கும் சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டுங்கள்.