நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி நாலு பேர் வந்து நின்றால் நூலகர் என்ன செய்வார்? எடுத்துவிடுவாரா?

எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்தப் புத்தகம் என்பதெல்லாம் வேண்டாம்.

முதலில் சட்டம். புத்தகத்தைத் தடை செய்யும் அதிகாரம் நூலகருக்கும் கிடையாது, வந்து சத்தம் போடுகிறவருக்கும் கிடையாது. மாநில அரசு காரணத்தை எழுதி அறிவிப்பு வெளியிட்டுப் பறிமுதல் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 95ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 98. அரசிதழில் வந்த 2 மாதத்துக்குள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம், 3 நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். வெளிநாட்டுப் புத்தகம் என்றால் சுங்கச் சட்டத்தின்படி மத்திய அரசு இறக்குமதியை நிறுத்தலாம். முக்கியமான வழிகள் இவைதான்.

என் சர்வீஸில் அப்படி ஓர் அரசிதழ் என் மேஜைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் புத்தகம் காணாமல் போயிருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம், மூடுகிற நேரத்துக்கு நாலு பேர் வந்தார்கள். மூத்தவர் கையில் ஒரு நாவலின் இரண்டு பக்கம், ஜெராக்ஸ். யாரோ மார்க்கரில் கோடு போட்டதை நகல் எடுத்து, அந்த நகலையும் நகல் எடுத்திருந்தார்கள் போல. எந்த வரி தப்பு என்று சொன்னார்களோ, அந்த வரிகள் மட்டும் கறுப்பாகிப் படிக்கவே முடியவில்லை.

"இது இங்க இருக்கா சார்?"

"இருக்கு."

"எடுத்துடுங்க."

"முழுசா படிச்சீங்களாண்ணே?"

"இந்தக் கருமத்தைப் படிக்க வேற செய்யணுமா?"

அப்புறம்தான் அந்த இன்னொரு கேள்வி வந்தது. இதை யார் யார் எடுத்துக்கொண்டு போனார்கள், நோட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அதில் பக்கத்துத் தெருவில் இருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண்ணின் பெயரும் இருந்தது. நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் அதற்கடுத்து நான் செய்ததில்தான். அவர்கள் போனதும் மேலே ஒருவருக்குப் போன் போட்டேன். "எதுக்குய்யா வம்பு, கொஞ்ச நாள் உள்ள வை" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. நானும் எழுத்தில் கேட்கவில்லை. பீரோவில் பழைய பதிவேடுகளுக்கு நடுவில் செருகிவிட்டேன். இருப்புப் பதிவேட்டின்படி புத்தகம் இருந்தது, அலமாரியில் இல்லை.

எங்கள் வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அதையே தேடி வந்தார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது ஐயா என்றேன். நூலகத்தில் சொல்லப்படும் பொய்களில் ரொம்பப் பழசு இது. அவர் நம்பவில்லை.

"பாரதியார் புதுச்சேரியில இருந்து கெளம்பி வந்த ஒடனே இங்க கடலூர் ஜெயில்லதான் வச்சாங்க, 1918ல. அவர் போன பின்னாடி 1928ல பாட்டுப் புத்தகத்தைப் பறிமுதல் பண்ணான் வெள்ளைக்காரன். அவன்கூட ஒரு ஆர்டர் போட்டுத்தான் பண்ணான் தம்பி. ஆர்டர் இருந்ததால சத்தியமூர்த்தி சட்டசபையில எழுந்து கேட்டாரு. உன் பைண்டிங்கை நான் எங்க போய்க் கேக்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர்' என்று நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே எழுதிவைத்த விதிகளைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும்.

அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே நூலக உரிமைச் சாசனம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆட்சேபணை வந்தால் எழுத்தில் வாங்க வேண்டும், முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே சங்கம் சொல்லும் முறை. அதைப் பார்த்து நானும் ஒரு தாளில் கோடு போட்டுவைத்தேன்: உங்கள் பெயர், புத்தகத்தின் பெயர், முழுவதும் படித்தீர்களா, எந்தப் பக்கம், என்ன செய்யச் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகு சண்டைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாளைப் பார்த்ததும் போய்விட்டார். இன்னொருவர் புத்தகத்தையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார். தவணை முடிகிற அன்று கொண்டுவந்து, "பரவால்ல சார், ரொம்ப இழுக்குறாரு" என்று வைத்துவிட்டுப் போனார். தாள் திரும்பி வரவில்லை.

சிறுவர் பகுதியில் எதை வைப்பது என்பது வேறு விஷயம். அங்கிருந்து பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றலாம், தப்பில்லை. தன் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று ஓர் அம்மா சொன்னால் அதுவும் அவர் உரிமை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லும்போதுதான் தாளை நீட்ட வேண்டும்.

பீரோவில் இருந்த அந்த நாவலை ஆசிரியர் வந்துபோன மறுநாளே வெளியே எடுத்தேன். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே அன்றைய முத்திரையைக் குத்தி, முதல் ஆளாக அவரிடமே கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "பைண்டிங் நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.