இன்றைய காரைப் பதினைந்து ஆண்டுகள் அதிகச் செலவில்லாமல் ஓட்ட முடியுமா?

முடியும். 2012-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றை இன்றும் சென்னையில் ஓட்டி வருகிறேன். உள்ளே கணினி இருப்பதால் பழுது வந்தால் பர்ஸ் காலியாகிவிடும் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. என் அனுபவமோ நேர்மாறானது: பழுது எந்தப் பக்கம் என்று அந்தக் கணினியே சொல்லிவிடுகிறது, அதைக் கேட்காமல் ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றும்போதுதான் பணம் கரைகிறது.

எட்டாவது ஆண்டில், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி குலுங்கத் தொடங்கி, இன்ஜின் விளக்கும் எரிந்தது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் எழுதிக் கொடுத்த மதிப்பீடு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. காரின் கணினியோடு பேச ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் படிக்கும் மலிவான ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பி0301 என்ற பழுதுக் குறியீடு வந்தது. அதாவது முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. காரணம் எந்தப் பாகம் என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. ஆகவே முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். இப்போது பி0302 வந்தது. காயிலோடு பழுதும் இடம் மாறிவிட்டதால், அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. குறியீடு மாறாமல் இருந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) என்று அடுத்தடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கணினியைவிட எனக்கு அச்சம் தருவது வெப்பம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். பல சிறிய கார்களில் இப்போது வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. அது எரிந்த பிறகும், மெக்கானிக் கடை இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிச் சென்றால் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், கசியும் சில நூறு ரூபாய் ஹோஸை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரங்களாகிவிடும்.

இன்ஜின் ஆயிலை, குறைவாக ஓட்டினாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். உங்கள் வண்டியில் இன்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயங்க வைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் அதை மாற்றக் குறித்த காலத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் எஃப்சி எனப்படும் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. ஆனால் அந்தப் புதுப்பிப்பு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், புதிய காரின் ஒரு மாதத் தவணையோடு ஒப்பிட்டாலே அது சிறிய தொகைதான். என் காருக்கு 2027-இல் அந்த முறை வருகிறது. கடற்காற்றில் அடித்தளம் துருப்பிடிக்காமல் இருந்தால் கட்டிவிடுவேன்.