முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடுமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 34, லூபஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது). சிறுநீரகம் பாதித்ததால் மூன்று வாரமாகப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 60 மி.கி. சாப்பிடுகிறார். போன வாரம் இரவெல்லாம் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினார், வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரியில் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். கால் விழுந்துவிடும் என்று பயந்து அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இப்போது கொஞ்சம் தெளிவு. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நிறுத்தவே கூடாது. தெளிந்திருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைத்துப் போங்கள். மூன்று வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அக்காவின் நிலைக்கு முக்கியமாக மூன்று காரணங்களை யோசிப்பார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. லூபஸே மூளையைத் தாக்கியிருந்தால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை டிரிப்பில் நாளுக்கு 1 கிராம் வரை மூன்று நாள் கொடுப்பதுண்டு. மாத்திரையே மனத்தைக் கலக்கியிருந்தால் (40 மி.கி.க்கு மேல் போனால் இது அதிகம்) மெல்லக் குறைக்க வேண்டும். எங்களுக்குக் கவலை மூன்றாவதில்தான்: மூளைக்காய்ச்சல். காசநோய் பரவலாக உள்ள தென்னாப்பிரிக்காவில், ஸ்டீராய்டு எடுப்பவரின் மூளை உறையில் காசநோய்க் கிருமியோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ புகலாம். காய்ச்சலை ஸ்டீராய்டு மறைத்துவிடும். இது தெரியாமல் லூபஸ் என்றே நினைத்து மருந்தைக் கூட்டினால் கிருமிக்குத் தீனி போட்டதாகிவிடும். இதைப் பிரித்தறியத்தான் அந்த நீர்: அதில் செல், புரதம், சர்க்கரை பார்ப்பார்கள், காசநோய்க்கு ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் செய்வார்கள்.

அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கு இரண்டு மூன்று எலும்பு கீழே, இடுப்பெலும்பின் இரு மேல்விளிம்புகளுக்கும் நேராக. அங்கே நரம்பிழைகள் மட்டுமே நீரில் மிதக்கின்றன. எடுப்பது சுமார் 10 மி.லி.; உடம்பு நாளுக்கு 500 மி.லி. அளவு புதிதாகச் சுரக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் வந்து படுத்தால் அடங்கும் தலைவலி சில நாள் இருக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரத்தக் கசிவு. லூபஸில், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையலாம். சிலர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் எடுப்பார்கள். அக்கா எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்ததால் முதலில் தலை ஸ்கேன் எடுப்பார்கள்.

மறுபடி வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸுக்கு 10177-இல் அழையுங்கள். எத்தனை நிமிடம் இழுத்தது, எந்தக் கை முதலில் துடித்தது என்று பார்த்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.